நிற்கிற வண்டி

கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்து, வேனின் பின்கதவுக்கு நேராக நிறுத்திவிட்டு, "இப்பத் திற" என்றார் அண்ணன். நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணிடம், வண்டிகளுக்கு உள்ளலங்காரம் செய்கிற அவர் கடையில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நிற்க, இந்தக் கண்ணாமூச்சி. அவளும் மூடிக்கொண்டு வந்தாள், சொன்னதும் திறந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் 'சின்னது' தான். அது சின்னது, அதுக்கென்ன தெரியும் என்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, வேன் ஜொலித்தது. சுவர் முழுக்கக் கறுப்பு ரெக்சின். உள்ளே ஃபோம் வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்து, மூலைக்கு மூலை ஒரு வெள்ளிப் பொத்தான். கூரையிலும் அதே கறுப்புதான், அதில் ஊசிமுனை அளவுக்கு விளக்குகள் வேறு. கண்ணாடியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு பட்டை. தலை அலசுகிற சாய்வு நாற்காலிக்குக்கூடக் கறுப்பு உறை மாட்டியிருந்தார். கடைத்தெருவில் அண்ணனுக்குப் 'பளபளா' என்று பெயர். அந்தப் பெயரை வைத்த ஆள் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருப்பான்.

இதில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

அவள் கேட்டது வெளிர் மஞ்சளில் வழவழப்பில்லாத பலகை. ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்கிற மாதிரி. தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் சூடு தடுக்க ஏதாவது. பசை வேண்டாம், ஸ்குரு போடுங்கள் என்றும் சொல்லியிருந்தாள். மாதிரித் துண்டுகளைப் பையில் போட்டுக் கையிலேயே கொடுத்திருந்தாள். அண்ணனும் "சரி சரி சரி" என்றார். அவர் மூன்று முறை சரி சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். இது தெரிந்தும் வண்டியை விட்டுவிட்டுப் போனது அவள் தப்புதான். அந்தப் பை அவருடைய மேசைக்கு அடியில், கொடுத்த முடிச்சுகூட அவிழாமல் கிடப்பதை உள்ளே வரும்போதே பார்த்துவிட்டாள்.

ஏறி உள்ளே போனாள். கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். அலசுகிற தண்ணீரை வாடிக்கையாளர் தலையில் ஊற்றும் முன்னால் அப்படித்தான் பார்ப்பாள். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போகும். காலை நேரம், சுவர் சில்லென்றுதான் இருந்தது.

"என்ன, அதுக்கு ஜுரமான்னு பாக்கிறியா?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "ரொம்ப நல்லாருக்குண்ணே" என்றும் சொல்லித் தொலைத்தாள். பிறகு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது அந்தச் சிரிப்பை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வேன் வாங்கும் யோசனை நர்ஸக்காவால் வந்தது. நர்ஸக்கா ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றவர், இவளுடைய முடிதிருத்தும் கடைக்கு முதல் நாளிலிருந்து வருகிறவர். ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதோடு வருவது நின்றுபோயிற்று. இவள் கத்திரியையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனாள். முடி வெட்டுவதில் பிரச்சினை இல்லை, அலசுவதில்தான் வம்பு. குளியலறையில் சக்கர நாற்காலி திரும்பவில்லை. கட்டிலில் படுக்கவைத்து, கீழே வாளி வைத்து, குவளையால் ஊற்றினால் பாதித் தண்ணீர் மெத்தையில், மீதி காதுக்குள்.  நர்ஸக்கா ஈரத் தலையணையைத் தள்ளிவிட்டு, "விடு. போகும்போது எப்படியும் கழுவித்தான் அனுப்புவாங்க, அப்பப் பாத்துக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு பண்ணிவிட்டாள். கடைக்கு வர முடியாதவர்களின் வாசலுக்குக் கடை போகும். சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி பின்பக்கம் சறுக்குப் பலகை. உள்ளே தலை அலச வாஷ்பேசினும் சாய்வு நாற்காலியும் மேலே தண்ணீர்த் தொட்டியும்.

பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினாள். உள்ளே வெறும் தகரம். மத்தியானத்தில் கதவைத் திறந்தால் அடுப்பங்கரைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தன் வண்டி எந்நேரமும் வெயிலில்தான் நிற்கப்போகிறது, உள்ளே படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து போக முடியாதவர் என்று. எனவே கிடைத்த பலகை, தகடுத் துண்டுகளை எல்லாம் கொண்டுவந்து வேனுக்குள் வரிசையாக வைத்து, கதவைச் சாத்தி, மத்தியானம் முழுக்க விட்டுவிட்டுப் போய் மணிக்கட்டை வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். எதிர் வீட்டுக்காரர்கள் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கம்பளித் துணி ஒட்டின பலகை தொட இதமாக இருந்தது. ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தாள். அப்புறம் ஞாபகம் வந்து ஒரு கைப்பிடி வெட்டின முடியை அதன் மேல் உதறிப் பார்த்தால், ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஒரே மாதத்தில் சுவருக்குத் தாடி வளர்ந்துவிடும். தக்கைப் பலகையும் சூட்டுக்கு நன்றாகத்தான் தாக்குப் பிடித்தது, ஆனால் ஒரு சொட்டு ஹேர் டை பட்டதும் உறிஞ்சிக்கொண்டு நிரந்தரமாகக் கறுத்தது. பிளாஸ்டிக் தகடு வில்லாக வளைந்ததோடு நில்லாமல் வாடையும் கிளப்பிற்று. மரத்தூள் அழுத்திச் செய்த பலகையின் ஓரத்தில் தண்ணீர் பட்டதும் ஊறின ரொட்டியாக உப்பியது. கடைசியில் நின்றது, தண்ணீர் தாங்குகிற மெல்லிய பிளைவுட், மேலே வெளிர் மஞ்சளில் வழவழப்பில்லாத தகடு ஒட்டினது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, அலமாரிக் கதவு மாதிரிதான். ஆனால் மத்தியானத்திலும் மணிக்கட்டை வைத்தால் எடுக்கத் தோன்றவில்லை. அந்தத் துண்டைத்தான் பையில் முதலாவதாகப் போட்டுக் கொடுத்திருந்தாள்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று அண்ணன்தான் முடிவு செய்தார். மாப்பிள்ளை பார்த்தது அண்ணன். மாப்பிள்ளை சரியில்லை என்று தெரிந்த அன்றே வண்டி எடுத்துக்கொண்டு போய், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், பெட்டியோடு கூட்டி வந்ததும் அவர்தான். கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தார், பெயர்ப்பலகையின் நிறம் உட்பட. எல்லாம் பாசம்தான். மூச்சு முட்டுகிற பாசம். வேன் மட்டும்தான் அவளாக யோசித்து, அவளாகச் சேர்த்து, அவளாக வாங்கினது. அதையும் 'என் தங்கச்சி வண்டியை வேற எவன் தொடுறது' என்று சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

அவர் கடையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியைக் காலையில்தான் ஒப்படைப்பார்கள். காலை வெளிச்சத்தில் கறுப்பு எடுப்பாக இருக்கும், பொத்தான் மின்னும். வாடிக்கையாளர் ஏறி ஏசியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். கடையில் யாரும் ஏமாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்வதில்லை. எத்தனையோ வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு உச்சிவெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதே கிடையாது. எவன் உட்காருவான்?

அவள் உட்கார்ந்தாள். அன்று மத்தியானமே, வீட்டு வாசலில், கதவையெல்லாம் சாத்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்து படுத்தாள். முதலில் வாடை, பசையும் ரெக்சினும் சேர்ந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு கைப்பிடி. வைத்த கையை உதறிக்கொண்டு எடுத்தாள். கழுத்து பட்ட இடத்தில் உறை ஒட்டிக்கொண்டு, தலையைத் தூக்கும்போது உரிந்து வந்தது. மேலே பார்த்தாள். கூரை ரெக்சின் நடுவில் லேசாகத் தொப்பை விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை நர்ஸக்கா வீட்டு வாசலுக்கு வண்டி போவதாக இருந்தது. அவர் இங்கே படுத்துக்கொண்டு 'நல்லாத்தான்மா இருக்கு' என்பார், மயங்கி விழுகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். 

சாயங்காலம் கடைக்குப் போய்ப் பக்குவமாகத்தான் சொன்னாள். சூடாகிறது அண்ணே, கூரை தொங்குகிறது, அந்தப் பை இன்னும் உங்கள் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. அவர் ஏசி போட்டுக்கொள் என்றார். ஏசி ஓட எஞ்சின் ஓட வேண்டும், நோயாளி வீட்டு ஜன்னலுக்கு அடியில் நின்றுகொண்டு புகையை விட முடியாது என்றாள். நிழலில் நிறுத்து என்றார். வீல் சேர் வருகிற இடத்தில்தான் நிறுத்த முடியும், நிழல் நம் இஷ்டத்துக்கு விழாது என்றாள்.

"ஓடும்போது நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா என் வண்டி ஓடுறதுக்கு இல்ல, நிக்கிறதுக்கு."

"நிக்கிறதுக்கு எதுக்கு வண்டி? நாலு செங்கல்லை அடுக்கிக்க வேண்டியதுதானே?"

கடை முழுக்கச் சிரித்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அண்ணன் அதைக் கவனித்தார். முகம் மாறியது. ராத்திரி பகலாக நின்று தைத்ததை, வேறு யாருக்கும் செய்யாத கூரையைச் செய்ததை, இதுக்கெல்லாம் நன்றி வேண்டாம், குறையாவது சொல்லாமல் இருக்கலாமே என்பதை எல்லாம் அவளைப் பார்க்காமல், கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தே சொல்லி முடித்தார். அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. உண்மையாகவே கஷ்டமாக இருந்தது.

அண்ணி பின்னாலேயே தெரு வரைக்கும் வந்தார். "அவர் மூஞ்சியப் பாத்தியா? சோறு எறங்காது இன்னிக்கு. நல்லாருக்குன்னு சொல்லிட்டு வாங்கிக்கோயேன், உனக்கென்ன கொறைஞ்சு போகுது?"

"வாங்கி வாங்கித்தான் அண்ணி இவ்ளோ வயசாயிடுச்சு."

மறுநாள் தன் கடையை அடைத்துவிட்டு, வேனின் இடது சுவரில் கைவைத்தாள். ரெக்சினை உரிக்கக் கத்தி தேவைப்படவில்லை. வெயிலில் பசை இளகிக் கிடந்தது, நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வந்தது. அடியில் அந்த மரத்தூள் பலகை. அதையும் கழற்றினால், பின்னால் வெறும் தகரம்தான், தொட்டால் சுடுகிற தகரம். நடுவில் ஒரு துணிகூடக் கிடையாது. அதைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சக் குற்ற உணர்ச்சியும் போய்விட்டது. இவ்வளவு பாசத்துக்கும் அடியில் இதுதானா என்று வாய்விட்டே கேட்டாள், யாரும் இல்லாத வேனில்.

சூடு தடுக்கிற, வெள்ளித்தாள் ஒட்டின ஃபோம் ஷீட்டைத் தகரத்தில் ஒட்டினாள். மரக்கடையில் அளவு சொல்லி அறுத்து வாங்கின பலகைகளை ஒவ்வொன்றாக ஸ்குரு போட்டு இறுக்கினாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு நாணயம் நுழைகிற சந்து விட்டாள், சூட்டில் பலகை விரிந்தால் முட்டிக்கொள்ளாமல் இருக்க. ஒரு பலகைக்கு அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். அங்கே மட்டும் சந்து விரல் நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு ஸ்குரு கோணலாக இறங்கிற்று. எடுத்துப் போட்டும் கோணலாகவே போனது, சரி போ என்று விட்டுவிட்டாள். முடிந்ததும் எட்ட நின்று பார்த்தாள். ஒரு பக்கம் கறுப்பு வைரம் மாதிரி மின்னிற்று, இன்னொரு பக்கம் சமையலறை அலமாரி. அவளுக்குச் சமையலறை அலமாரியைத்தான் பிடித்திருந்தது.

இதைத் தன் வாசலிலேயே முடித்திருக்கலாம். மிச்ச சுவரையும் கூரையையும் உரித்துவிட்டு, அண்ணன் கண்ணில் படாமல் நாலு நாள் ஓட்டியிருக்கலாம். அவள் அப்படித்தான் இத்தனை வருஷமும் செய்திருக்கிறாள், முன்னால் தலையாட்டிவிட்டுப் பின்னால் தன் இஷ்டப்படி. பெயர்ப்பலகையின் நிறத்தைக்கூட அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில்தான் மாற்றினாள், கேட்டால் வெயிலில் வெளுத்துவிட்டது என்றாள். இந்த முறை அப்படிச் செய்ய மனசு வரவில்லை. வியாழக்கிழமை உச்சிவெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அண்ணன் கடை வாசலில், நிழல் துளிகூட விழாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். பின்கதவை விரியத் திறந்து வைத்தாள்.

சாப்பாட்டிலிருந்து எழுந்து ஈரக்கையோடு வந்தார் அண்ணன். இடது சுவரைப் பார்த்தார்.  கடையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போகிற மாதிரி பாவனை செய்து, போகாமல் நின்றார்கள்.

"யார் இதைக் கழட்டினது?"

"நான்தான்."

"என் கடை வேலையைக் கழட்டி, என் கடை வாசல்லயே கொண்டாந்து நிறுத்துறியா? நாலு பேர் பாக்கணும்னா?"

"நாலு பேர் பாக்கத்தானேண்ணே ஒட்டினீங்க." சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. "யாரையும் விடுங்க. நீங்க ஏறி அந்த நாற்காலியில சாஞ்சு படுங்க. கதவைச் சாத்திக்கலாம். நானும் கூடவே உக்காந்திருக்கேன். நர்ஸக்காவால எழுந்திரிக்க முடியாது, அதனால நீங்களும் எழுந்திரிக்கக் கூடாது. படுத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுங்க, இந்தச் சுவரையும் கறுப்பாக்கிட்டு உங்க கால்ல விழறேன்."

அண்ணி உள்ளிருந்து, வேண்டாம், வெயில் என்னத்துக்கு ஆகும் என்றார். அண்ணி மட்டும் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அண்ணன் ஏறியிருக்க மாட்டாரோ என்னவோ. வெயிலுக்குப் பயந்தவர் என்று கடைத்தெருவில் பெயர் வாங்க அவர் தயாராக இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். நாற்காலியில் விறைப்பாகச் சாய்ந்தார். அவள் உள்ளே இருந்தபடியே கதவைச் சாத்தினாள்.

உள்ளே சத்தம் அடங்கிப்போயிற்று. பின்கதவுக் கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நெற்றிக்கு மேல் கையைக் குவித்து எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் கைப்பிடியில் கையை வைத்தார். சுட்டிருக்கும், தாடை இறுகிற்று, ஆனால் எடுக்கவில்லை. அண்ணனின் பிடிவாதம் அவளுக்குத் தெரியாதா, அதே ரத்தம்தானே அவளுக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கும் வேர்த்து ஊற்றிற்று. பசை வாடை தலைக்கேறிற்று.  அவருக்கு மாதாமாதம் டை அடித்துவிடுகிறவள் அவள்தான். காதோரம் வழிந்த வேர்வை மெல்லக் கறுப்பாக இறங்குவதைப் பார்த்தாள். துடைத்துவிட வேண்டும் போல் இருந்தது. துடைக்கவில்லை.

முதலில் ஒரு சின்னச் சத்தம்தான், முத்தம் கொடுக்கிற மாதிரி. கூரையின் ஒரு ஓரத்தில் பசை விட்டது. அப்புறம் அடுத்த ஓரம். கூரை ரெக்சின் அவசரமே இல்லாமல், விளக்கு ஒயர்களோடு சேர்ந்து, இறங்கி வந்து அண்ணனின் தலையிலும் ஒரு தோளிலும் உட்கார்ந்தது. அவர் அதைத் தள்ளவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கூரையை முக்காடு போட்டுக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ களுக்கென்றார்கள், யாரோ அதட்டினார்கள்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் முட்டிற்று. இரண்டையும் விழுங்கினாள்.

"நல்லாருக்காண்ணே?"

அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

போதும் என்று எழுந்து பின்கதவை விரியத் தள்ளினாள். காற்று உள்ளே வந்தது. இறங்கிப் போவார், போய் ஒரு மாதத்துக்குப் பேசமாட்டார் என்று எதிர்பார்த்தாள். அவர் இறங்கவில்லை. இறங்கினால் தோற்றதாகிவிடும். நாற்காலியிலேயே, முக்காட்டோடு, கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னது அவள்தானே.

சரி, இருக்கட்டும். இன்னொரு சுவர் பாக்கி இருந்தது, நாளைக்கு நர்ஸக்கா வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் வாயிலிருந்து சரி வரும் வரைக்கும் காத்திருப்பதென்றால் இந்த ஜென்மத்தில் வேலை முடியாது. முதலில் அவர் தலையில் கிடந்த கூரையை விளக்கோடு எடுத்துச் சுருட்டி வாசல் பக்கம் வைத்தாள். பிறகு வலது சுவரின் பின்மூலையில் நகத்தைக் கொடுத்து ரெக்சினின் நுனியைக் கிளப்பினாள். கடைத்தெருவே பார்க்க இழுத்தாள். ஒரு பொத்தான் தெறித்து உருண்டு சறுக்குப் பலகை வழியாகத் தெருவுக்குப் போயிற்று. கட்டம் கட்டமாகக் கறுப்பு உரிந்து வந்தது, முன்சுவருக்கு மடிகிற இடத்தையும் தாண்டி, இடது ஓரமாக இருந்த நாற்காலி வரைக்கும். அங்கே, அண்ணனின் பின்மண்டைக்கும் முன்சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

 அவள் இன்னொரு கையால் அவர் காதோரக் கறுப்பைக் கட்டைவிரலால் துடைத்தாள். பிறகு தன் கடையில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிற குரலில், வேறு எந்தக் குரலும் இல்லாமல், சொன்னாள்.

"தலையைக் கொஞ்சம் சாய்ங்க."

அவர் சாய்த்தார். இடது பக்கமாக, கோணல் ஸ்குரு இருந்த வெளிர் மஞ்சள் பலகை வரைக்கும் தலை போயிற்று. கன்னம் அதில் பட்டது, பட்ட இடத்திலேயே இருந்தது. அவள் இரண்டு கையாலும் ரெக்சினைப் பிடித்து இழுத்தாள்.